கத்தரி விட்டு வைத்த காகிதம்

சீனப் புத்தாண்டுக்கு முந்தின வாரம் மொரிசியஸ் தலைநகர் போர்ட் லூயியின் ரோயல் தெருவில் நடந்தால் கடைக் கண்ணாடி எல்லாம் சிவப்பாக இருக்கும். மீன், தாமரை, ஆட்டுக்கிடா, தலைகீழாக ஒட்டிய ஓர் எழுத்து. சின்ன வயதில் இவையெல்லாம் அச்சடித்துக் கப்பலில் வருபவை என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் ஊர் 'லாபுத்திக் சினுவா'வில், அதாவது சீனர் கடையில், கடைக்காரரின் வயதான தாய் ஒரு நாள் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சிவப்புத் தாள் ஒன்றை இரண்டாக மடித்தார். துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்தார். கத்தரியை அவர் அசைத்த மாதிரியே தெரியவில்லை, தாள்தான் சுற்றிச் சுற்றி வந்தது. பிரித்தால் எதிரெதிரே இரண்டு மீன்கள். செதில்கூடத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து நானும் மடித்தேன், வெட்டினேன். பிரித்தபோது கையில் இரண்டு துண்டு. மடிப்பின் ஓரத்தை முழுக்க வெட்டித் தள்ளியிருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை. மறுநாள் துண்டுகளை எடுத்துப்போய்க் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவருடைய ஹக்காச் சீனம் தெரியாது. தீவில் எல்லோரும் பேசும் கிரியோலில்கூட அவர் ஒன்றும் சொல்லவில்லை. மடிப்பை விரலால் தடவிக் காட்டிச் சிரித்தார், அவ்வளவுதான். காகித வெட்டுக் கலையின் முதல் பாடம் அந்தத் தடவலில் இருந்தது என்பது பல வருடம் கழித்துத்தான் புரிந்தது.

படம் வரைபவர் தாளின் மேல் சேர்த்துக்கொண்டே போகிறார். காகிதம் வெட்டுபவர் எடுத்துக்கொண்டே போகிறார், எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. இந்தக் கஷ்டம் கல் கொத்துகிறவருக்கும் உண்டு. காகிதத்துக்குக் கூடுதலாக ஒரு நிபந்தனை இருக்கிறது: மிஞ்சுவதெல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பறவையின் கண்ணைச் சுற்றி வட்டமாக வெட்டினால் கண் கீழே விழுந்துவிடும், அந்த இடத்தில் ஓட்டைதான் நிற்கும். கண்மணி வேண்டுமானால் அதை இமையோடு ஒரு மெல்லிய காம்பால் கட்டி வைக்க வேண்டும். அந்தக் காம்பு காம்பாகத் தெரியாமல் இறகின் கோடாகவோ கொடியின் சுருளாகவோ தெரியும்படி செய்யத்தான் கைப்பழக்கம் வேண்டும். "ஆயிரம் கீறினாலும் உதிராது, பத்தாயிரம் வெட்டினாலும் அறாது" என்று சீனத்தில் இதற்கு ஒரு சொலவடையே உண்டு.

வெட்டில் இரண்டு வகை சொல்வார்கள். கோடுகளை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் எடுப்பது 'யாங்' வெட்டு. இதில் எல்லாக் கோடும் தொடர்ந்து ஓட வேண்டும், ஓரிடத்தில் அறுந்தாலும் படம் தொங்கிவிடும். கோட்டையே வெட்டி எடுத்துவிட்டுத் தாளை அப்படியே விடுவது 'யின்' வெட்டு. இதில் கோடுகள் ஒன்றையொன்று தொடவே கூடாது, தொட்டால் நடுவில் இருப்பது உதிர்ந்துவிடும். ஒரே படத்தில் இரண்டும் கலந்து வரும். முகத்தை யாங்காக, உடுப்பை யின்னாக வெட்டினால் முகம் லேசாகவும் உடுப்பு கனமாகவும் தெரியும். நம் சிக்குக் கோலத்தின் கம்பி அறாமல் புள்ளிகளைச் சுற்றி வருகிறதே, அது இந்த யாங் வெட்டுக்குத் தங்கை முறை. கோலம் போட்டுப் பழகிய கைக்கு யாங் சீக்கிரம் பிடிபடுகிறது என்பதை வாரயிறுதித் தமிழ் வகுப்பில் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். பையன்கள் யின்னில் தேறுகிறார்கள், ஏனென்று தெரியவில்லை. சரி, அது என் வகுப்பின் கதை.

மடிப்பில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. வட்டத் தாளை ஒருமுறை மடித்தால் இரண்டு அடுக்கு, இரண்டாம் முறை நான்கு, மூன்றாம் முறை எட்டு. எட்டடுக்கில் ஓர் இதழை வெட்டினால் எட்டு இதழ் கிடைக்கும், அவற்றில் பாதி மற்ற பாதிக்குக் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். ஆறிதழ் வேண்டுமென்றால் முதலில் பாதியாக, அப்புறம் மூன்றாக மடிக்க வேண்டும். நான்காவது மடிப்புக்குப் போனால் பதினாறு அடுக்கு. அங்கே தாள் நழுவும், உள்ளே இருக்கும் அடுக்கும் வெளியே இருக்கும் அடுக்கும் ஒரே அளவில் வெட்டுப்படாது. அதனால்தான் இந்தக் கலைக்குக் கெட்டித் தாள் ஆகாது. கணித ஆய்வாளர்களும் இதில் புகுந்திருக்கிறார்கள். நேர்க்கோடுகளால் ஆன எந்த உருவமாக இருந்தாலும், தாளைத் தக்கபடி மடித்தால் ஒரே ஒரு நேர் வெட்டில் அதை எடுத்துவிடலாம் என்று 1990-களின் இறுதியில் நிரூபித்தார்கள். நட்சத்திரத்தில் செய்து பார்க்கலாம். அன்னத்தில் செய்ய முயன்றால் மடிப்பதற்கே ஒரு பொழுது போய்விடும்.

பழமை என்று பார்த்தால், கிடைத்திருப்பவற்றில் மூத்தவை சீனத்தின் மேற்கே துர்ஃபான் பாலைவனத்துக் கல்லறைகளில் 1959-இல் எடுத்தவை. வட வம்சங்களின் காலம், அதாவது 386-க்கும் 581-க்கும் இடைப்பட்டது. சணல் நாரில் செய்த தாளை மடித்து வட்டமாக வெட்டியிருக்கிறார்கள். ஒன்றில் ஜோடி ஜோடியாகக் குதிரைகள், ஒன்றில் குரங்குகள், மற்றவற்றில் பூவும் கொடியும். மழையே அறியாத மண் என்பதால் தப்பின. ஈரமான ஊர்களில் இதற்கு முன்னும் பின்னும் வெட்டியதெல்லாம் போன இடம் தெரியாது. தாள் வருவதற்கு முன்பே தங்கத் தகட்டையும் தோலையும் பட்டுத் துணியையும் இப்படி வெட்டி அலங்கரித்திருக்கிறார்கள். கை பழகியிருந்தது, மலிவான தாள் கிடைத்ததும் ஏழை வீட்டுக்கும் அந்தப் பழக்கம் இறங்கிவிட்டது.

அலங்காரத்தைத் தாண்டியும் இதற்கு ஒரு வேலை இருந்தது. 8-ஆம் நூற்றாண்டில் பெரிய கலகம் ஒன்றிலிருந்து குடும்பத்தோடு தப்பி ஓடிய கவிஞர் டூ ஃபூ, வழியில் ஒரு நண்பர் வீட்டில் இரவு தங்கியதைப் பாடியிருக்கிறார். நண்பர் கால் கழுவ வெந்நீர் தருகிறார், அப்புறம் காகிதம் வெட்டி, பயத்தில் ஓடிப்போன உயிரைத் திரும்ப அழைக்கிறார். பயந்த பிள்ளைக்கு வேப்பிலை அடித்து மந்திரிக்கும் பாட்டி இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புத்தாண்டு வழக்கம் சன்னலிலிருந்து வந்தது. வட சீனத்துக் கிராம வீடுகளில் அந்தக் காலத்தில் சன்னலுக்குக் கண்ணாடி இல்லை, மரச்சட்டத்தில் வெள்ளைத் தாள்தான். வருடம் பிறக்கும்போது புதுத் தாள் ஒட்டி அதன் மேல் சிவப்புப் பூ வெட்டி ஒட்டுவார்கள். பகலில் உள்ளே இருப்பவருக்கு அது வெளிச்சத்தில் தெரியும், இரவில் விளக்கேற்றினால் தெருவில் போகிறவருக்குத் தெரியும். 'சன்னல் பூ' என்றே அதற்குப் பெயர். மீன் வெட்டுவது, 'மீன்' என்ற சொல்லும் 'மிச்சம்' என்ற சொல்லும் அந்த மொழியில் ஒரே ஓசை என்பதால். வௌவால் வெட்டுவது, அது 'பாக்கியம்' என்ற சொல்போல ஒலிப்பதால். வீட்டுக்குள் வௌவால் நுழைந்தாலே பதறும் நமக்கு இது வேடிக்கைதான். பாக்கியம் என்ற எழுத்தைத் தலைகீழாக ஒட்டுவதற்கும் இதே கணக்கு: 'தலைகீழ்' என்பதும் 'வந்துவிட்டது' என்பதும் ஓசையில் ஒன்று. விளக்கை 'அணை' என்று சொல்லாமல் 'குளிர வை' என்று சொல்கிற நாம் இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது.

கத்தரி வீட்டுக் கருவி. தொழிலாகச் செய்தவர்கள் கத்தியை எடுத்தார்கள். கொழுப்பும் சாம்பலும் கலந்து இறுக வைத்த பலகையின் மேல் தாள்களை அடுக்கி, மேலே மாதிரியை வைத்து, சின்னக் கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து இறக்குவார்கள். ஒரு தடவைக்குப் பல பத்துத் தாள் வெட்டுப்படும். ஹெபெய் மாகாணத்து யூசியன் வட்டாரத்தில் வெள்ளைத் தாளை இப்படி வெட்டி, சாராயம் கலந்த சாயத்தைத் தொட்டு வைப்பார்கள். சாயம் அடுக்கு முழுவதும் கீழே இறங்கிவிடும். நாடக முகங்கள் அங்கே பேர்போனவை. கத்தரிக்காரர்களின் கைவரிசையைக் காட்டும் அடையாளங்கள் வேறு: ரம்பப்பல் போன்ற சின்னச் சின்ன வெட்டுகள், பிறைபோன்ற கீறல்கள். ரோமம், இறகு, முள், புல் எல்லாம் அந்தப் பல்லில்தான் பிறக்கும்.

மாதிரியை எப்படிக் காப்பாற்றினார்கள் என்பது எனக்குப் பிடித்த பகுதி. நல்ல வெட்டு ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கிறது, உங்களுக்கும் வேண்டும். வெள்ளைத் தாளை நனைத்துப் பலகையில் ஒட்டி, அதன் மேல் அந்த வெட்டை நனைத்து ஒட்டுவார்கள். பலகையைக் கவிழ்த்து எண்ணெய் விளக்கின் புகைக்கு மேல் காட்டினால் தாள் முழுக்கக் கரி படியும். காய்ந்ததும் வெட்டை உரித்தெடுத்தால் அதன் நிழல் வெள்ளையாக நிற்கும். விளக்குக் கரியில் எடுத்த நகல். தாய் மகளுக்கும், மகள் புகுந்த வீட்டுக்கும் இப்படித்தான் மாதிரி போயிற்று. போகப் போகக் கோடு கொஞ்சம் மாறும். ஒரு கை விட்ட பிழை அடுத்த கையில் அழகாகிவிடுவதும் உண்டு.

இந்தப் பெண்களில் பெயர் தெரிய வந்தவர்கள் சிலர்தான். ஷான்சி மாகாணத்து ஷுன்யியைச் சேர்ந்த கூ ஷூலான் அவர்களில் ஒருவர். 1920-இல் பிறந்தவர், மண்மேட்டைக் குடைந்த குகை வீட்டில் வறுமையோடு வாழ்ந்தவர். 1985-இல் பள்ளத்தில் விழுந்து பல நாள் நினைவிழந்து கிடந்தார். எழுந்ததும் தன்னைப் 'பூ வெட்டும் தேவி' என்று சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் செய்தவை சன்னலுக்குள் அடங்கவில்லை. பல நிறத் தாள்களை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, சுவர் முழுக்க ஒரு தேவியை உட்கார வைத்தார். பாடிக்கொண்டே வெட்டுவார். 1996-இல் யுனெஸ்கோ அவருக்கு நாட்டுப்புறக் கலை மேதை என்ற பட்டம் தந்தது. 2004-இல் இறந்தார். நம் ஊர்ப் பக்கம் என்றால் அருள் வந்தவர் என்று சொல்லி மாலை போட்டிருப்பார்கள். சீன அறிஞர்கள் கொஞ்சம் தயங்கித்தான் அவரைக் கலைஞர் என்றார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 2009-இல் சீனக் காகித வெட்டு மொத்தமாகவே யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. நல்ல தாளான சுவான் காகிதம் செய்யும் முறையும் அதே வருடம் சேர்ந்தது.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மெக்சிகோவில் உளியால் குத்தி ஐம்பது தாள்வரை ஒரே அடுக்கில் வெட்டிக் கொடியாகத் தெருவில் கட்டுகிறார்கள். அந்த மெல்லிய தாளுக்கு அங்கே 'சீனக் காகிதம்' என்றே பெயர், பிலிப்பைன்சின் மணிலாவிலிருந்து போன கப்பல்கள் கொண்டு சேர்த்தது. போலந்துக் கிராமங்களில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் பெரிய கத்தரியால் வெட்டினார்கள். சுவிட்சர்லாந்தின் மலைப் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹவுஸ்விர்த் ஒரு கரிமூட்டக்காரர். விரல்கள் தடித்துப்போய்க் கத்தரி வளையத்தில் நுழையாததால் கம்பி வளையம் கட்டிக்கொண்டு வெட்டினார், சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் பதிலாக வெட்டுகளைக் கொடுத்தார். கறுப்புத் தாளில் முகத்தின் பக்கவாட்டு நிழலை வெட்டும் பிரெஞ்சு வழக்கத்துக்கு 'சில்லுவெட்' என்று பெயர். 1759-இல் சில மாதமே நிதியமைச்சராக இருந்து எல்லோரையும் சிக்கனம் பிடிக்கச் சொன்னவரின் பெயர் அது. மலிவான எதையும் அவர் பெயரால் கேலி செய்தார்கள். 1903 வரை மொரிசியசோடு சேர்த்து ஆளப்பட்ட செஷல்ஸில் ஒரு தீவுக்கும் அவர் பெயர்தான். இந்தியாவில் மதுரா, பிருந்தாவனத்து 'சாஞ்ஜி' என்னும் கலை உண்டு. தாளில் வெட்டிய படத்தை மேடையில் வைத்து, ஓட்டைகளின் வழியாக நிறப்பொடி தூவி, தாளை மெல்லத் தூக்கிவிடுவார்கள். கடையில் விற்கும் ஓட்டை போட்ட கோல அச்சு இதற்குத் தூரத்து உறவு.

அப்படியானால் தமிழரிடம் இது இல்லையா என்று கேட்கலாம். தாளில் இல்லை. 19-ஆம் நூற்றாண்டுவரை எழுத்துக்கே நமக்குப் பெரும்பாலும் ஓலைதான், வெட்டி விளையாடத் தாள் எங்கிருந்து வரும்? ஆனால் வெட்டு இருந்தது. தோல்பாவையில் நகையும் உடைப்பூவும் ஓட்டைகளால் ஆனவை, திரைக்குப் பின்னால் விளக்கு வைத்தால் அந்த ஓட்டைகள்தான் பேசும். தஞ்சாவூரின் நெட்டி வேலை, 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது, குளத்தில் வளரும் செடியின் வெண்மையான தண்டைத் தாள்போல மெல்லியதாகச் சீவுகிறது. எல்லாவற்றுக்கும் மேல் குருத்தோலைத் தோரணம். ஈர்க்கை உரித்து, ஓலையை மடித்து, ஓரத்தில் இடைவிட்டுக் கீறி, கீறிய பட்டையைச் சுருட்டிச் செருகினால் கிளி வரும், குருவித் தலை வரும். மங்கலத்துக்கு நான்கு தலை, அமங்கலத்துக்கு மூன்று தலை என்று கணக்கு வைத்திருப்பவர்களும் உண்டு. ஒரு கீறல் விளிம்புவரை போய்விட்டால் ஓலை இரண்டாகும். சீனர் கடையில் நான் கற்ற அதே பாடம். இலங்கையில் சிங்களவரும் பாலித் தீவில் இந்துக்களும் தென்னங்குருத்தை வெட்டுவதை இந்தக் குடும்பத்தில்தான் சேர்க்க வேண்டும்.

மொரிசியசில் தமிழர் கால் வைத்தது 18-ஆம் நூற்றாண்டில். லா புர்தொன்னே 1735-இல் பிரெஞ்சு ஆளுநராக வந்து போர்ட் லூயியைக் கட்டியபோது புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்களை அழைத்து வந்தார். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒரு நூற்றாண்டு கழித்து. மொழி பலர் வீட்டில் கிரியோலாக மாறிவிட்டது. தைப்பூசக் காவடி மாறவில்லை, அது அரசு விடுமுறை நாள். கத்ர்போர்னில் கோர் தெ கார்து மலைச் சரிவிலுள்ள முருகன் கோயிலுக்குக் காவடி ஏறும் நாளில் பாருங்கள்: வளைந்த மரத்தில் பூ, எலுமிச்சை, மயிலிறகு, அவற்றைச் சுற்றிக் கீறிய தென்னங்குருத்து. குருத்தைக் கீறுகிறவர்கள் பெரும்பாலும் தாத்தாமார். 'ஃபேய் கோகோ' என்று கிரியோலில் கேட்பார்கள், 'குருத்து' என்று தமிழில் திருத்துவார்கள். எங்கள் வீட்டுக் காவடிக்குக் குருத்து கிடைக்காத ஒரு வருடம் 'பாப்யே கிரெப்போன்' என்னும் சுருக்கத் தாளை வாங்கி அதே மாதிரி கீறினார் பெரியப்பா. தாள் வாங்கியது அதே சீனர் கடையில். தாள் சுருளவில்லை, துவண்டது. முருகனுக்கு அது போதுமென்று பாட்டி சொல்லிவிட்டார்.

போர்ட் லூயியில் மூன்றாவதாக ஒரு காகித மரபும் உண்டு. மொகரம் பத்தாம் நாளில் எடுக்கும் 'கூன்'. மூங்கில் சட்டத்தில் பல நிறத் தாளை வெட்டி ஒட்டிய கோபுரம் அது, லஸ்கர் எனப்பட்ட இந்திய மாலுமிகளோடு வந்தது என்பார்கள். இதில் இந்துக்களும் கிரியோல் இன மக்களும் கூட நடந்திருக்கிறார்கள். தஞ்சைப் பக்கத்து ஊர்களில் மொகரத்துக்கு 'அல்லா சாமி' எடுப்பதை அறிந்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இராது. ட்ரினிடாடில் இதே கோபுரத்தைத் தூக்கிப்போய்க் கடலில் விட்டுவிடுகிறார்கள். வாரக்கணக்காக வெட்டி ஒட்டியது ஒரு மாலையில் கரைகிறது.

அழியப்போகிறது என்று தெரிந்தே செய்வதால்தான் இந்தக் கலைக்குப் பழைய சான்று குறைவு. போர்ட் லூயியின் புளூ பென்னி அருங்காட்சியகத்தில் 1847-இல் இந்தத் தீவில் வெளியான இரண்டு அரிய தபால்தலைகள் இருக்கின்றன. அவற்றை வெளிச்சம் கெடுத்துவிடும் என்று மணிக்குச் சில நிமிடம்தான் விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள், மற்ற நேரம் நகல்தான். அந்தக் காலத்துத் தபால்தலைக்கு ஓரத்தில் பல் கிடையாது, கத்தரியால்தான் வெட்டிப் பிரித்தார்கள். கத்தரி ஓரத்தில் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் இன்று விலை இறங்கிவிடும். சன்னல் பூவுக்கு இந்தக் கவனிப்பெல்லாம் இல்லை. ஒரு வருட வெயிலில் ரோஜா நிறமாக வெளுத்து, அடுத்த புத்தாண்டில் சுரண்டி எறியப்படும். எங்கள் தீவில் அதோடு ஈரமும் புயலும். 1960-இல் கரோல் புயல் கூரைகளையே கொண்டுபோன ஊரில் யாருடைய சன்னல் பூ மிஞ்சியிருக்கும்?

இப்போது ரோயல் தெருவில் தொங்குபவை பெரும்பாலும் இயந்திரம் வெட்டியவை, சில வெல்வெட் போல் பூச்சுப் போட்ட பிளாஸ்டிக். நானும் வாங்குகிறேன். அண்டை வீட்டுச் சீனக் குடும்பம் 'காத்தோ லாசீர்' என்னும் பிசுபிசுத்த மாவு இனிப்பைக் கொடுத்தனுப்பும்போது, தட்டின் மேல் வைத்து வருவதும் இதுதான். கையால் வெட்டியது வேண்டுமென்றால் கடையில் தாளைத் திருப்பிப் பாருங்கள். அச்சுத் தாளின் முதுகு வெள்ளையாக இருக்கும். கை வெட்டு பெரும்பாலும் இரண்டு பக்கமும் படம், பின்னால் மீன் எதிர்ப்புறம் நீந்தும். நடுவில் மடிப்புத் தழும்பு ஓடும். ரம்பப்பற்கள் ஒரே அளவில் இரா, வால் பக்கம் வரும்போது கொஞ்சம் அவசரம் தெரியும். எங்காவது ஓரத்தில் காம்பு ஒன்று தேவைக்கு மேல் தடித்திருக்கும். அந்த இடத்தில் கத்தரி பயந்திருக்கிறது.